தானே அணையும் கணினி

கணினி ஓர் ஆடம்பரப் பொருள் என்று எண்ணப்பட்ட காலம் போய்விட்டது. பிள்ளையின் பாடக் குறிப்புகளும், வெளிநாட்டிலிருக்கும் மகனின் புகைப்படங்களும், வீட்டின் வரவு செலவுக் கணக்கும், சங்கத்துக் கடிதங்களும் இன்று அந்த ஒரு பெட்டிக்குள்ளேயே குடியிருக்கின்றன. அப்பெட்டி ஒருநாள், பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரிந்து, விசிறி சுழன்று, திரையிலே எழுத்துத் தோன்றுமுன்னரே அணைந்துவிடுமாயின் வீட்டார் கலங்குவது இயல்பே. "வருகுது, ஆனால் நின்று பிடிக்குதில்லை" என்ற இந்த முறைப்பாட்டையே இவ்வாரம் இப்பகுதியில் ஆராய எண்ணுகின்றோம்.

இத்தகைய வேளையில் நம்மவர் செய்வன இரண்டு. மறுபடியும் மறுபடியும் பொத்தானை அழுத்திப் பார்ப்பது ஒன்று. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உடனே கடைக்கு ஓடுவது மற்றொன்று. முன்னது கணினிக்குக் கேடு. பின்னது கைப்பணத்துக்குக் கேடு. "போட் போய்விட்டது, புதிதாகப் போடவேண்டும்" என்ற ஒரே தீர்ப்பைக் கேட்டுத் திரும்பியவர் பலர். கணினியின் உறுப்புகள் யாவும் பிற நாடுகளிலிருந்து வருவன. 2022 ஆம் ஆண்டிலே, ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த நாணயமாற்று விகிதம் சில மாதங்களுக்குள் 360 ரூபாயையும் தாண்டிச் சென்றதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று ஏறிய விலை பழைய நிலைக்கு இறங்கவில்லை. ஆதலின் காரணம் தெரியாமல் எந்த உறுப்பையும் மாற்றலாகாது என்பதை முதல் விதியாகக் கொள்ளவேண்டும். அக்காரணத்தைக் கண்டறிய முதலில் வேண்டிய கருவி, வீட்டிலுள்ள ஒரு கைக்கடிகாரமே என்பது நேயர்களுக்கு வியப்பாயிருக்கலாம்.

அணைப்பது எது?

சற்றும் உயிர்பெறாத கணினி வேறு. உயிர்பெற்றுப் பின் அணையும் கணினி வேறு. முன்னதற்குப் பெரும்பாலும் மின்சாரம் சென்று சேரவில்லை. பின்னதற்கோ மின்சாரம் சென்றிருக்கின்றது. ஏதோ ஒன்று அதனை இடையிலே நிறுத்துகின்றது. அவ்வாறு நிறுத்துவது எது என்பதே கேள்வி.

பழைய கணினிகளிலே பொத்தான் என்பது மின்குமிழின் ஆளியைப் போல மின்சாரத்தை நேரே இணைத்தது, நேரே துண்டித்தது. 1995 ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.ரி.எக்ஸ். என்னும் அமைப்பு பரவிய பின்னர் இம்முறை மாறிற்று. இப்பொழுது பொத்தான், தாய்ப்பலகைக்கு ஒரு குறிப்பை மாத்திரமே கொடுக்கின்றது. தாய்ப்பலகை, பவர் சப்ளை எனப்படும் மின்வழங்கியை எழுப்புகின்றது. மின்வழங்கியானது சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்று மின்னை 12, 5, 3.3 வோல்ற்றுக்களாக மாற்றி, அவை சீராக நிற்கின்றனவா என்று தானே பார்த்து, அரை விநாடிக்குள் "எல்லாம் சரி" என்ற குறிப்பைத் தாய்ப்பலகைக்கு அனுப்புகின்றது. அக்குறிப்பு வந்த பின்னரே கணினி வேலையைத் தொடங்கும். இடையிலே அது நின்றுவிட்டால் வேலையும் நின்றுவிடும்.

இவ்வமைப்பிலே காவலர் மூவர் உளர். எங்கேனும் மின் குறுக்கே பாய்ந்து மின்னோட்டம் அளவு மீறினால் மின்வழங்கி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். கணினியின் மூளையெனத்தக்க மத்திய முறைவழி அலகு கடுமையாகச் சூடேறினால், முதலில் தன் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும்; வெப்பம் 100 பாகை செல்சியஸ் அளவையும் கடந்து ஏறுமாயின் முழுவதையும் அணைத்துவிடும். பொத்தான் தொடர்ந்து நான்கு விநாடி அளவு அழுத்தப்பட்டிருந்தால், வீட்டார் அணைக்க விரும்புகின்றனர் என்று கருதித் தாய்ப்பலகை அணைத்துவிடும். எனவே கணினி தானே அணைவது பல வேளைகளில் அதன் சாவு அன்று. அதன் தற்காப்பு ஆகும். காவலர் மூவருள் எவர் எழுந்தார் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதற் கடமை

ஆராய்ச்சியைத் தொடங்குமுன் செய்யவேண்டிய கடமை ஒன்றுண்டு. கணினி ஐந்து நிமிடமாவது நின்று பிடிக்குமாயின், அந்த ஐந்து நிமிடத்தில் பிள்ளையின் பாடவேலையையும் முக்கியமான படங்களையும் ஒரு பென் டிரைவிலே படியெடுத்துவிடுங்கள். வன்தட்டிலே எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் வேளையில் மின் நின்றுபோனால், அந்தக் கோவை சிதைந்துபோகக் கூடும். இருபது முறை பொத்தானை அழுத்தி இருபது முறை அணையவிடுவது, அவ்வாபத்தை இருபது முறை அழைப்பதாகும். போன உறுப்பைக் காசு கொடுத்து வாங்கலாம். போன கட்டுரையை வாங்கமுடியாது.

கடிகாரம் சொல்லும் செய்தி

இனி ஒரு தாளையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்திய கணத்திலிருந்து அணையும் கணம்வரை எத்தனை விநாடி என்று குறியுங்கள். மூன்று முறை போதும். ஒவ்வொரு முறைக்கும் இடையே எவ்வளவு நேரம் கணினி ஓய்ந்திருந்தது என்பதையும் எழுதுங்கள்.

ஒரு விநாடிக்குள் விசிறி ஓர் உதறு உதறி நின்றுவிட்டால், எங்கோ மின் குறுக்கே பாய்கின்றது என்று ஐயுறலாம். உள்ளே கழன்று விழுந்த ஒரு திருகாணி, தாய்ப்பலகையின்மேல் சிக்கி மடிந்த ஒரு பல்லி, முன்பக்கத்து யூ.எஸ்.பி. துளையிலே வளைந்து ஒன்றையொன்று தொடும் உலோக முனைகள் ஆகிய இவற்றுள் எதுவும் இதற்குக் காரணமாகலாம். பென் டிரைவ், அச்சுப்பொறி, சாவிப்பலகை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சுவரிலிருந்து பிளக்கையும் பிடுங்கி ஒரு நிமிடம் வைத்திருந்த பின் மீண்டும் முயன்று பாருங்கள். காவலுக்காக நின்ற மின்வழங்கி பெரும்பாலும் அவ்வாறு பிடுங்கினாலன்றித் திரும்ப எழாது.

மூன்று முறையும் ஏறக்குறைய நான்கு அல்லது ஐந்து விநாடியிலேயே அணைந்தால், பொத்தானைச் சோதியுங்கள். பழைய பெட்டிகளிலே தூசியும் கைப்பிசுக்கும் சேர்ந்து பொத்தான் உள்ளே சிக்கிக்கொள்வதுண்டு. அழுத்தியது மீண்டு வராதபடியால், எவரோ விடாமல் அழுத்திப் பிடித்திருப்பதாகவே தாய்ப்பலகை எண்ணுகின்றது. பொத்தானை நகத்தால் வெளியே இழுத்துவிட்டதும் கணினி நின்று பிடிக்குமாயின் நோயும் மருந்தும் ஒருங்கே தெரிந்துவிட்டன. ஒரு சதமும் செலவில்லை.

அரை நிமிடம் முதல் சில நிமிடம் வரை நின்று அணைந்தால், வெப்பத்தை எண்ணவேண்டும். மத்திய முறைவழி அலகின்மேல் உலோகத் தகடுகளும் விசிறியும் கூடிய குளிரூட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதன் நான்கு பிடிகளில் ஒன்று தளர்ந்தாலும், கணினியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசென்றபோது அது அசைந்தாலும், வெப்பம் வெளியேற வழியில்லாமற் போகின்றது.

இருபது நிமிடம், ஒரு மணி எனத் தாமதித்து, அதுவும் படம் பார்க்கும்போதோ விளையாடும்போதோ அணைந்தால், தூசி அடைத்த குளிரூட்டி அல்லது வலுக்குறைந்த மின்வழங்கி காரணமாகலாம். நேர ஒழுங்கே இல்லாமல், ஒருநாள் ஒரு மணியும் மறுநாள் பத்து நிமிடமுமாக அணைந்தால், பெட்டிக்கு வெளியே உள்ள வயர்களையும் யூ.பி.எஸ்.ஸையும் முதலில் பாருங்கள்.

இவற்றையெல்லாம்விடப் பயனுள்ள குறிப்பு ஒன்றுண்டு. ஓய்வுக்குப் பின் நீண்டநேரம் நின்றும், அணைந்த உடனே மீண்டும் போட்டால் விரைவில் அணைந்தும் வருமாயின் அது வெப்பத்தின் அடையாளம். இதற்கு நேர்மாறாக, இரவு முழுவதும் ஓய்ந்திருந்து காலையிலே போடும்போதே அதிகம் தடுமாறி, நாலைந்து முறை முயன்றபின் நிலைபெற்று ஓடுமாயின் அது மூப்படைந்த கொள்ளளவிகளின் அடையாளம். மின்வழங்கியிலும் தாய்ப்பலகையிலும் சிறு உருளைகளாக நிற்கும் இக்கொள்ளளவிகளின் உள்ளே உள்ள திரவம் ஆண்டுகள் செல்லச் செல்ல வற்றுகின்றது. குளிர்ந்த நிலையில் அவற்றின் வலு மேலும் குறைகின்றது. சற்றுச் சூடேறியதும் ஓரளவு மீள்கின்றது. 2000 ஆம் ஆண்டையடுத்த சில ஆண்டுகளிலே உலகெங்கும் விற்கப்பட்ட தாய்ப்பலகைகள் பலவற்றில், தரங்குறைந்த கொள்ளளவிகள் தலை உப்பி வெடித்துப் பெருந்தொல்லை கொடுத்தன. இன்றும் தட்டையாக இருக்கவேண்டிய தலை உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறமாகக் கசிந்திருந்தாலோ அதனைக் கண்ணாலேயே கண்டுகொள்ளலாம்.

புதிதாக நினைவகமோ சிறு பற்றரியோ மாற்றிய பின், கணினி முதல்முறை ஒருதரம் தானே அணைந்து தானே எழுவது சில தாய்ப்பலகைகளுக்கு இயல்பு. அதனைப் பழுதென்று எண்ணிக் கலங்கவேண்டியதில்லை.

வெளியிலிருந்து உள்ளே

இனிச் சோதனையின் ஒழுங்கைக் கூறுவோம். செலவில்லாதது முதலில்; செலவுள்ளது கடைசியில். வெளியே இருப்பது முதலில். உள்ளே இருப்பது பின்னர்.

கணினியின் பின்புறத்திலே செருகும் கறுத்த மின் வயர் உறுதியாக உட்கார்ந்திருக்கின்றதா என்று பாருங்கள். அது தளர்ந்திருந்தால் மேசையை ஒருவர் தட்டினாலே அணையும். அடுத்து, எக்ஸ்டென்சன் கோட் எனப்படும் நீள்வயரையும் பல துளைப் பிளக்கையும் நீக்கிவிட்டுச் சுவரிலுள்ள பிளக் பொயின்ற்றிலே நேரே இணையுங்கள். பழைய வீடுகளிலுள்ள வட்டமுனைத் துளைக்குள் சதுரமுனைச் செருகியைத் திணித்து வைத்திருப்பவர்கள், பழுது எங்கே என்று வேறெங்கும் தேடவேண்டியதில்லை. குளிர்சாதனப் பெட்டியோ நீர்ப்பம்பியோ இயங்கத் தொடங்கும் கணத்திலேயே கணினி அணைந்தால், குறை வீட்டு மின்னிணைப்பில் இருக்கக்கூடும். அதனை மின்பணியாளர் பார்ப்பதே முறை.

பின்னர் யூ.பி.எஸ். அதனுள் இருக்கும் ஈயப் பற்றரி மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே உழைக்கும். எமது நாட்டு வெப்பத்தில் அதற்கும் முன்னரே தளர்ந்துவிடலாம். 2022 ஆம் ஆண்டிலே நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டைத் தாங்கி, நிரம்புவதும் வெறுமையாவதுமாக உழைத்த பற்றரிகள் பல விரைவில் மூப்படைந்தன. தளர்ந்த பற்றரியுள்ள யூ.பி.எஸ்., மின்னழுத்தம் சிறிது தாழ்ந்தாலும் பற்றரிக்கு மாற முயன்று, முடியாமல் கணினியை அணைத்துவிடும். மழை மின்னல் இல்லாத ஒரு நாளில் யூ.பி.எஸ். இல்லாமல் நேரே இணைத்துப் பாருங்கள். அன்று முழுவதும் கணினி அணையவில்லையாயின் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. யூ.பி.எஸ்.ஸை வீசவேண்டியதில்லை, பற்றரியை மாத்திரம் மாற்றினாற் போதும்.

அடுத்த சோதனையும் செலவற்றதே. கணினி எழும்போது டிலீற் சாவியையோ எப் 2 சாவியையோ தட்டினால் பயோஸ் எனப்படும் அமைப்புத் திரை தோன்றும். விண்டோஸ் அப்பொழுது இயங்குவதில்லை. அத்திரையிலே அரை மணிநேரம் விட்டுவையுங்கள். அங்கேயும் அணைந்தால், குறை விண்டோஸில் இல்லை என்பது உறுதி. "வைரஸ் இருக்கின்றது, விண்டோஸ் புதிதாகப் போடவேண்டும்" என்று எவரேனும் சொன்னால், அந்தச் செலவை நீங்கள் துணிந்து மறுக்கலாம். பல கணினிகளில் அதே திரை மத்திய முறைவழி அலகின் வெப்பநிலையையும் காட்டும். சும்மா இருக்கும்போதே அது 80, 90 பாகையென ஏறிக்கொண்டிருந்தால் வெப்பமே காரணம். ஆயின் அங்கே அணையாதிருப்பதைக் கொண்டு மின்வழங்கி நல்லதென்று முடிவுகட்டலாகாது. பாரமான வேலை கொடுக்கும்போதுதான் அதன் தளர்ச்சி தெரியவரும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டிலே 41 என்ற எண்ணுடன் ஒரு குறிப்பைக் காண்பீர்கள். முறையாக மூடப்படாமல் கணினி நின்றது என்பதையே அது கூறுகின்றது, காரணத்தைக் கூறுவதன்று.

பெட்டியைத் திறக்கும்போது

மேற்கூறியவை யாவும் பயன்படாவிடின் பெட்டியின் பக்கத் தகட்டைத் திறக்கலாம். சுவர் ஆளியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, எஞ்சிய மின் வடியும்படி பொத்தானை ஒருமுறை அழுத்திய பின்னரே திருப்புளியைக் கையில் எடுங்கள். கணினி அணைந்திருந்தாலும், பிளக் சுவரில் இருக்கும்வரை தாய்ப்பலகையிலே 5 வோல்ற்று மின் காத்திருக்கின்றது. அந்நிலையில் நினைவகத்தைப் பிடுங்குவோர் அதனைக் கெடுத்துவிடுவர். உள்ளே தொடுமுன் பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்ளுங்கள்.

மெல்லிய உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம். காற்றூதுவதாயின் விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். குளிரூட்டியின் பிடிகள் நான்கும் இறுகியுள்ளனவா என்று பாருங்கள். அதனைக் கழற்ற நேர்ந்தால், காய்ந்துபோன பழைய வெப்பப் பசையை முற்றாகத் துடைத்துவிட்டு, ஒரு பயறளவு புதிய பசையை இட்டுத்தான் மீண்டும் பொருத்தவேண்டும். அதிகம் பூசினால் அதிகம் குளிரும் என்பது தவறான எண்ணம்.

தாய்ப்பலகைக்குச் செல்லும் 24 முனைச் செருகியையும், மத்திய முறைவழி அலகுக்கு அருகே செல்லும் 4 அல்லது 8 முனைச் செருகியையும் அழுத்திவிடுங்கள். பின்னர் ஒவ்வொன்றாகக் குறையுங்கள். தனியாகப் பொருத்தப்பட்ட கிராபிக்ஸ் காட் இருந்தால் அதனை நீக்குங்கள். தாய்ப்பலகையிலேயே திரைக்கான துளை இருப்பின் கணினி அதனின்றியும் இயங்கும். வன்தட்டின் வயரைக் கழற்றுங்கள். இரண்டு நினைவகத் துண்டுகள் இருந்தால் ஒன்றை மாத்திரம் விட்டுப் பாருங்கள். ஒரு வேளையில் ஒன்றையே மாற்றவேண்டும் என்பதே இங்கு உயிரான விதி. ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால், கணினி சரியான பின்னரும் எது காரணமென்று தெரியாது. அடுத்த மாதம் மீண்டும் முதலிலிருந்து தேடவேண்டிவரும்.

இவ்வளவும் குறைத்த பின்னரும் அணையுமாயின் எஞ்சி நிற்பவை மின்வழங்கி, தாய்ப்பலகை, மத்திய முறைவழி அலகு என்ற மூன்றே. இவற்றுள் அதிகம் தேய்வது மின்வழங்கி. விலை குறைந்ததும் பெரும்பாலும் அதுவே. ஆகவே அண்டைவீட்டிலோ உறவினர் வீட்டிலோ உள்ள நல்ல மின்வழங்கி ஒன்றை இரவல் வாங்கி ஒருநாள் மாட்டிப் பார்க்காமல், தாய்ப்பலகையை மாற்ற ஒருபொழுதும் இசையவேண்டாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. மின்வழங்கியை முழுப்பெட்டியாக மாற்றலாமேயன்றி, அப்பெட்டியை வீட்டிலே திறக்கலாகாது. 230 வோல்ற்று மின், அதனுள்ளே ஏறக்குறைய 325 வோல்ற்று நேரோட்டமாகப் பெரிய கொள்ளளவியில் தேங்குகின்றது. பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் அது உள்ளே எஞ்சியிருக்கலாம். ஆளைக் கொல்லவும் அது போதும். துணிச்சலுள்ள இளைஞர்கள் இதனைக் கவனத்திற் கொள்ளவேண்டும். பெற்றோர் இதனை அவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். எரிந்த நாற்றமோ புகையோ வந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம். சுவர் ஆளியை அணைத்துவிட்டு அறிந்தவரை அழையுங்கள்.

கடைக்குப் போகும்போது

வீட்டில் இயலாத இடத்தில் கடையை நாடுவது குறைவன்று. நேர்மையாகவும் திறமையாகவும் தொழில் செய்வோர் ஊர்தோறும் உளர். ஆயினும் "கணினி வேலை செய்யவில்லை" என்று சொல்லிவிட்டு வருவதற்கும், நேரக் குறிப்பெழுதிய தாளைக் கொடுப்பதற்கும் பெரிய வேற்றுமை உண்டு. "தம்பி, இது குளிர்ந்திருந்தால் இருபது நிமிடம் நிற்கின்றது, உடனே போட்டால் மூன்று நிமிடந்தான். யூ.பி.எஸ். இல்லாமலும் பார்த்தோம். பயோஸ் திரையிலும் அணைகின்றது" என்று ஒரு தாயார் கூறுவாராயின், திறமையுள்ள தொழிலாளி நேரே குளிரூட்டியிற் கை வைப்பார். திறமையில்லாதவரும் "போட் போய்விட்டது" என்று சொல்லுமுன் ஒருமுறை யோசிப்பார். ஏதேனும் உறுப்பை மாற்றவேண்டும் என்று அவர் கூறினால், "எப்படிக் கண்டுபிடித்தீர்கள், தம்பி?" என்று பணிவாகக் கேளுங்கள். மாற்றிய பழைய உறுப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். வன்தட்டை அழித்துப் புதிதாக எழுதுமுன் உங்கள் அனுமதி வேண்டுமென்பதையும் முன்னரே சொல்லிவையுங்கள்.

நோய் வருமுன் காப்பதும் எளிதே. கணினியை நிலத்திலன்றி ஒரு சிறு பலகைமேல் வையுங்கள். சுவருக்கும் அதன் முதுகுக்கும் இடையே ஒரு சாணாவது இடம் விடுங்கள். சாம்பிராணிப் புகையும் சமையற் புகையும் அதன் அருகே வேண்டாம். ஆறு மாதத்துக்கொருமுறை தூசி தட்டுங்கள். மின் தடைப்பட்டால், மீண்டும் வரும்வரை பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின் தடைப்பட்டதை நேயர்கள் அறிவார்கள். அத்தகைய தடைக்குப் பின் மின் திரும்பும் கணத்தில் அழுத்தம் ஏறித் தாழக்கூடும்; தளர்ந்த மின்வழங்கிகள் உயிர்விடுவதும் அக்கணத்திலேதான்.

பதறிய காரியம் சிதறும் என்பது நம் முன்னோர் வாக்கு. அடுத்தமுறை கணினி அணையும்போது பொத்தானை நோக்கிக் கை நீளுமுன், கடிகாரத்தை நோக்கிக் கண் செல்லட்டும். கண்ட நேரத்தைக் குறித்த தாளை மடித்துக் கணினிக்கு அருகிலேயே வைத்துவிடுங்கள். நாளை அதனைப் பழுதுபார்ப்பவர் எவராயினும் அத்தாளிலிருந்தே தொடங்கட்டும்.